சம்மன் போல வந்த கடிதம்: தனியார் விமான நிலையச் சாலையும் நம் ஊர்ச் சக்கரப் பூட்டும்

அண்ணன் மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக அண்ணன், அண்ணி, இளைய பையன் மூவரும் இங்கிலாந்து போயிருந்தார்கள். விமான நிலையத்திலேயே வாடகைக்கு ஒரு கார் எடுத்து, பத்து நாள் சுற்றி, திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். மூன்று வாரம் கழித்து வாடகைக் கார் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நிர்வாகக் கட்டணமாக 40 பவுண்டை உங்கள் கடன் அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டோம், விவரம் இணைப்பில் இருக்கிறது என்று இரண்டே வரி. இணைப்பைத் திறந்தால் வேறொரு நிறுவனத்தின் கடிதம். விமான நிலையத்துக்குள் போகும் சாலையில், நிற்கவே கூடாத பகுதியில் கார் நின்றதாம். 100 பவுண்ட் கட்ட வேண்டும், 14 நாளுக்குள் கட்டினால் 60 போதும். கூடவே இரண்டு படங்கள். இரண்டுக்கும் இடையே 22 நொடி.

நடந்தது சின்ன விஷயம். காரைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது ரவுண்டானாவில் வழி தவறிவிட்டது. ஓரமாக நிறுத்தி, கைப்பேசியில் வழியை மறுபடி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அப்போது ஓட்டியது அண்ணனா அண்ணியா என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

அண்ணன் எனக்கு அதை அனுப்பிவிட்டு, "சம்மன் வந்திருக்கு தம்பி, 60க்கே முடிஞ்சிடும், இன்னைக்கு ராத்திரி கட்டிடுறேன்" என்றார். சிங்கப்பூரில் முப்பது வருடம் கார் ஓட்டியவர் வேறென்ன சொல்வார்? நமக்கு, கண்ணாடியில் ஒட்டியிருந்தாலும் தபாலில் வந்தாலும், வண்டி நிறுத்தியதற்காக வரும் தாள் என்றால் சம்மன். சம்மன் என்றால் அரசாங்கம். அரசாங்கம் என்றால் கட்ட வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம்.

இந்த எண்ணம் நம் ஊரில் பெரும்பாலும் சரிதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கார்ப்பேட்டையிலோ, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் சாலையோர இடங்களிலோ வரும் தாளுக்குப் பின்னால் வாகன நிறுத்துமிடச் சட்டம் இருக்கிறது. அதைத் தருபவர் ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியராக இருக்கலாம். நாம் 'சம்மன் ஆன்ட்டி' என்று அழைக்கும் அந்த அக்காமார்களின் சட்டையில் நிறுவனத்தின் பெயர்கூட இருக்கலாம். ஆனால் தாள் ஆணையத்தினுடையது. சாங்கி விமான நிலையத்தில் வருகைக் கூடத்துக்கு வெளியே "மூவ், மூவ்" என்று விரட்டும் துணைக் காவல் அதிகாரிகளும் அப்படித்தான். சம்பளம் கொடுப்பது ஒரு நிறுவனம், அதிகாரம் தருவது காவல்துறைச் சட்டம். யார் ஓட்டினார்கள் என்று சொல்ல மறுக்கும் உரிமையும் இங்கே கிடையாது. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, வண்டியின் உரிமையாளர் ஓட்டியவரின் விவரத்தைத் தந்தே ஆக வேண்டும் என்கிறது. நியாயமான காரணம் இருந்தால் அந்தந்த ஆணையத்துக்கு இணையம் வழியாக முறையிடலாம். கட்டுவதற்கு முன்னால் முறையிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது, ஏனென்றால் கட்டினால் விஷயம் முடிந்தது என்று பொருள்.

இங்கிலாந்திலிருந்து வந்த தாள் இதற்கு நேர் தலைகீழ். பார்க்க அரசாங்கத் தாள் போலவே இருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் பிசிஎன் என்று போட்டிருக்கிறது. அந்த மூன்றெழுத்தில்தான் வெளியூர்க்காரர்கள் தடுமாறுகிறார்கள். அங்கே உள்ளாட்சி மன்றம் தரும் தாளின் பெயர் பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ். அதற்குச் சட்டத்தின் பலம் உண்டு, முறையிடத் தனி நடுவர் மன்றமும் உண்டு. தனியார் நிறுவனம் தரும் தாளின் பெயர் பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். சுருக்கினால் இரண்டும் ஒன்று. ஆனால் இரண்டாவது அபராதமே கிடையாது. "எங்கள் இடத்தில் இன்ன நிபந்தனையில் நுழைந்தீர்கள், அதை மீறினீர்கள், ஆகவே ஒப்பந்தப்படி எங்களுக்கு இவ்வளவு கடன்பட்டிருக்கிறீர்கள்" என்று ஒரு நிறுவனம் கேட்கும் பணம், அவ்வளவுதான். தளபாடக் கடைக்காரர் பாக்கியைக் கேட்டு எழுதும் கடிதத்துக்கும் இதற்கும் சட்டத்தின் கண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. பாக்கி உண்மையாகவே இருந்தால் கட்டத்தான் வேண்டும். இருக்கிறதா என்று கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது.

அண்ணனிடம் நான் சொன்னது ஒன்றுதான்: எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், கேட்பது யார், எந்தச் சட்டப்படி, யாரிடம் கேட்கிறார்கள் என்று பார்ப்போம்.

இதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். 2012 வரை இங்கிலாந்தில் தனியார் நிலத்தில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்தைப் பூட்டிவிடுவார்கள். பூட்டைத் திறக்க வாய்க்கு வந்த தொகையைக் கேட்ட ஆட்களும் இருந்தார்கள். மக்கள் கொதித்துப் போனார்கள். 2012-இல் வந்த சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் நிலத்தில் சக்கரத்தைப் பூட்டுவதைக் குற்றமாக்கியது. ஸ்காட்லாந்தில் நீதிமன்றத் தீர்ப்பால் அது 1992-லிருந்தே முடியாத காரியம். அப்படியானால் நில உரிமையாளர்களின் கதி? ஒப்பந்தம் செய்தவர் காரை ஓட்டியவர், ஆனால் அவர் யாரென்று நிறுவனத்துக்குத் தெரியாது. வண்டி எண்ணைக் கொடுத்து, 2.50 பவுண்ட் கட்டி, அரசின் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவிடமிருந்து பதிவு செய்தவரின் பெயரையும் முகவரியையும்தான் வாங்க முடியும். பதிவு செய்தவரும் ஓட்டியவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லையே. அதனால் அதே சட்டத்தின் நான்காம் அட்டவணையில் ஒரு பண்டமாற்று நடந்தது. பூட்டை எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்கு, ஓட்டியவர் யாரென்று தெரியாவிட்டால் பதிவு செய்தவரிடமே பணத்தைக் கேட்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். அந்த அனுமதியைச் சில நிபந்தனைகளோடு கட்டிப்போட்டார்கள்.

அந்த நிபந்தனைகளில்தான் நம் வழக்கின் உயிர் இருக்கிறது. கண்ணாடியில் தாள் ஒட்டாமல் கேமராவில் மட்டும் பிடித்திருந்தால், கார் நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் கடிதம் பதிவு செய்தவரின் கையில் சேர்ந்திருக்க வேண்டும். வாடகைக் கார் என்றால் இன்னும் ஒரு படி. வாடகை நிறுவனம் 28 நாளுக்குள் வாடகை ஒப்பந்தத்தின் நகலையும், பொறுப்பை ஏற்று நாம் கையெழுத்திட்ட தாளின் நகலையும், அந்த நேரத்தில் கார் வாடகையில்தான் இருந்தது என்ற அறிக்கையையும் கொடுத்தால், பொறுப்பு வாடகைக்கு எடுத்தவரிடம் நகரும். அதன் பிறகு 21 நாளுக்குள் பார்க்கிங் நிறுவனம் நமக்கு அனுப்பும் கடிதத்தோடு அந்த நகல்களையும் இணைத்திருக்க வேண்டும். பல கடிதங்கள் இணைப்பே இல்லாமல் மொட்டையாக வருகின்றன. இரண்டு வாரம் கழித்துச் செங்காங் வீட்டுக்கு அண்ணன் பெயரில் தபாலில் வந்ததும் அப்படித்தான் இருந்தது. உறையில் ஒரே ஒரு தாள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய நிபந்தனை நிலத்தைப் பற்றியது. வண்டி நிறுத்துவதை ஏற்கெனவே வேறொரு சட்டம் கட்டுப்படுத்தும் நிலத்துக்கு இந்த அட்டவணை பொருந்தாது. விமான நிலையங்கள் இங்கேதான் வருகின்றன. 1986-இன் விமான நிலையங்கள் சட்டம், 63-ஆம் பிரிவில், விமான நிலையங்கள் தங்களுக்கென்று துணைவிதிகளை வகுத்துக்கொள்ள வழி செய்கிறது. ஹீத்ரோவுக்கு 2014-ஆம் ஆண்டின் துணைவிதிகள் இருக்கின்றன. மற்றப் பெரிய விமான நிலையங்கள் பலவற்றுக்கும் அப்படி உண்டு. துணைவிதி இருக்கும் சாலையில் தவறாக நிறுத்தினால் அது குற்றம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், பொதுவாக ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். அங்கே விதிக்கப்படும் அபராதம் பார்க்கிங் நிறுவனத்தின் பைக்குப் போகாது. அதனால் நிறுவனங்கள் அந்த வழியைத் தொடுவதில்லை. ஒப்பந்தக் கடன் என்றே கேட்கின்றன. ஒப்பந்தக் கடன் என்றால் ஓட்டியவரிடம் மட்டும்தான் கேட்க முடியும், ஏனென்றால் பதிவு செய்தவரிடமோ வாடகைக்கு எடுத்தவரிடமோ கேட்க வழி செய்யும் அட்டவணை அந்த நிலத்துக்கு வராது.

ஓட்டியவர் யார்? நிறுவனத்துக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய கடமையும் நமக்கு இல்லை. நம் 81-ஆம் பிரிவு போல ஒன்று அங்கே காவல்துறைக்கு உண்டு, தனியாருக்கு இல்லை.

இதையெல்லாம் நான் படித்து முடிப்பதற்குள் அண்ணன் ஒரு முறையீட்டுக் கடிதத்தை எழுதி வைத்திருந்தார். நல்ல மனிதர் எழுதும் கடிதம். "நான் வழி தெரியாமல் அரை நிமிடம்தான் நிறுத்தினேன், மன்னிக்கவும், முதல் முறையாக உங்கள் நாட்டுக்கு வந்தேன்" என்று தொடங்கியது. முதல் சொல்லே வம்பு. 'நான் நிறுத்தினேன்' என்று எழுதிய அந்த நிமிடத்தில், சட்டம் நிறுவனத்துக்குத் தராத ஒன்றை நாமே தாம்பாளத்தில் வைத்து நீட்டிவிடுகிறோம். ஓட்டியவர் யாரென்ற கேள்வி தீர்ந்துபோகும், நிலத்தைப் பற்றிய வாதம் அதோடு போகும். அனுப்புவதற்கு முன்னால் எனக்குக் காட்டினாரே என்று இன்றும் நிம்மதியாக இருக்கிறது.

"அப்ப பொய் சொல்லணுமா?" என்று அண்ணி கேட்டார். நல்ல கேள்வி. பொய் ஒருபோதும் சொல்லக் கூடாது. நான் ஓட்டவில்லை என்று ஓட்டியவர் எழுதினால் அது பொய், நீதிமன்றம் வரை போனால் பெரிய வினையாகும். 'வாடகைக்கு எடுத்தவர் என்ற முறையில் எழுதுகிறேன், ஓட்டியவர் யாரென்று சொல்லச் சட்டப்படி எனக்குக் கடமை இல்லை, சொல்லவும் விரும்பவில்லை' என்று எழுதுவது பொய் இல்லை. பூட்டைப் பிடுங்கிக்கொண்டு பதிவு செய்தவரைக் கையில் கொடுத்தபோது, எந்த நிலத்தில் கொடுக்க மாட்டோம் என்று நாடாளுமன்றமே கோடு போட்டது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பது குறுக்கு வழி ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் இந்த நான்காம் அட்டவணை பொருந்தவே பொருந்தாது. எடின்பரோவிலோ பெல்ஃபாஸ்ட்டிலோ பிள்ளைகள் படிக்கும் குடும்பங்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஓட்டியவர் யாரென்று தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கடன் தானாக உண்டாகிவிடாது. ஒப்பந்தம் என்றால் ஒருவர் ஒன்றைத் தர முன்வர வேண்டும், மற்றவர் அதை ஏற்க வேண்டும். 'இரண்டு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் நின்றால் 85 பவுண்ட்' என்ற பலகையில் ஒரு கொடுக்கல் இருக்கிறது. 'இங்கே நிற்காதே' என்ற பலகையில் என்ன கொடுக்கிறார்கள்? நிற்பதற்கு அனுமதியே இல்லாத இடத்தில் எந்த நிபந்தனையோடு நிற்க நாம் ஒப்புக்கொண்டோம்? இது அத்துமீறலாக இருக்கலாம், அதற்கு நில உரிமையாளர் நட்ட ஈடு கேட்கலாம், 22 நொடிக்கு என்ன நட்டம் என்று அவர் காட்ட வேண்டியிருக்கும். எல்லா நீதிபதிகளும் இந்த வாதத்தை ஏற்பதில்லை, ஆனால் வலுவான வாதம்தான்.

பலகை கண்ணில் படும்படி இருந்ததா என்பது இன்னொன்று. மணிக்கு முப்பது நாற்பது மைல் வேகத்தில் போகும் சாலையில் பொடி எழுத்தில் எழுதிய நிபந்தனையை எந்த ஓட்டுநர் படிப்பார்? 1971-இன் சட்ட அறிக்கைகளில் வெளியான தார்ன்டன் வழக்கு இங்கே உதவும். கார்ப்பேட்டை வாசலில் இயந்திரம் சீட்டை நீட்டிய பிறகு, உள்ளே ஒட்டியிருக்கும் நிபந்தனைகள் வாடிக்கையாளரைக் கட்டாது என்று நீதிபதி டென்னிங் பிரபு சொன்ன வழக்கு. நிபந்தனை எவ்வளவு கடுமையோ, அவ்வளவு தெளிவாக அதை முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். சிங்கப்பூரின் சட்டம் அதே ஆங்கிலப் பொதுச் சட்டத்திலிருந்து (காமன் லா) கிளைத்தது என்பதால் நம் ஊர்ச் சட்ட மாணவர்களும் முதல் ஆண்டிலேயே இதைப் படிக்கிறார்கள்.

இதற்கு மேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. இங்கிலாந்தும் சிங்கப்பூரும் ஒரே வேரிலிருந்து வளர்ந்து, சரியாக இந்த இடத்தில் பிரிந்திருக்கின்றன.

ஒப்பந்தத்தை மீறியவரிடம் மிரட்டலாக ஒரு தொகையை எழுதி வாங்கக் கூடாது என்பது பழைய கொள்கை. 1914-இல் டன்லப் டயர் நிறுவனத்தின் வழக்கில், அன்று அந்நாட்டின் உச்சி நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை இதற்கு ஓர் அளவுகோலைத் தந்தது. மீறினால் எவ்வளவு நட்டம் வரும் என்று நேர்மையாக முன்கூட்டிக் கணித்த தொகையா, அப்படியானால் செல்லும். பயமுறுத்துவதற்காக வைத்த தொகையா, செல்லாது. நூறு வருடம் இந்த அளவுகோல்தான் நடந்தது. இதை வைத்துப் பார்த்தால் பார்க்கிங் நிறுவனங்களின் 85 பவுண்டும் 100 பவுண்டும் தாங்காது. இலவசக் கார்ப்பேட்டையில் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றதால் நிறுவனத்துக்கு வந்த நட்டம் ஏறக்குறைய பூஜ்யம்.

2015 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலை மாற்றி எழுதியது. பீவிஸ் வழக்கு என்று அழைக்கப்படும் அந்த வழக்கு செல்ம்ஸ்ஃபோர்டு நகரத்தின் ஒரு கடைத்தொகுதிக் கார்ப்பேட்டையில் தொடங்கியது. இரண்டு மணி நேரம் இலவசம். ஒருவர் 56 நிமிடம் கூடுதலாக நின்றார். கேட்ட தொகை 85 பவுண்ட். கட்ட மாட்டேன் என்று நாட்டின் உச்சி நீதிமன்றம் வரை போய், ஏழு நீதிபதிகளில் ஆறு பேரின் தீர்ப்பால் தோற்றார். நட்டக் கணக்கு மட்டும் முக்கியமில்லை, அந்த நிபந்தனையைக் காப்பதில் நிறுவனத்துக்கு நியாயமான நலன் இருக்கிறதா, தொகை அந்த நலனுக்கு அளவு மீறியதா என்று பார்க்க வேண்டும் என்றது பெரும்பான்மை. வண்டிகள் வந்து போய்க்கொண்டே இருந்தால்தான் கடைகளுக்கு வியாபாரம், அது நியாயமான நலன். பலகைகளும் பெரிதாக, தெளிவாக, ஏராளமாக இருந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு பார்க்கிங் நிறுவனத்தின் பதில் கடிதத்திலும் இந்த வழக்கின் பெயர் தவறாமல் வருகிறது. அண்ணனுக்கு வந்த பதிலிலும் இருந்தது.

சிங்கப்பூர் என்ன செய்தது? 2020-இல் டென்கா வழக்கில், மின்சார ஒப்பந்தங்களைப் பற்றிய பெரிய வணிகத் தகராறில், நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. லண்டனின் 'நியாயமான நலன்' அளவுகோலை ஏற்க மறுத்தது. 1914-இன் டன்லப் அளவுகோலே இங்கே சட்டம் என்று உறுதி செய்தது. ஒப்பந்த மீறலுக்குத் தீர்வு நட்ட ஈடுதான், தண்டனை இல்லை, ஆகவே தொகையும் நட்டத்தோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பார்க்கிங்கைப் பற்றிய வழக்கு இல்லைதான். ஆனால் நம் ஊரில் ஒரு தனியார் இடத்தில் நிபந்தனையை மீறியதற்காக ஒரு பெரிய தொகையைக் கேட்டால், எதிர்த்துப் பேச இங்கிலாந்துக்காரரைவிட நமக்கு இன்று உறுதியான நிலம் இருக்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கொள்கை மீறலுக்கு விதிக்கும் தொகைக்குத்தான். 'இங்கே நிறுத்த விலை இவ்வளவு' என்று நேர்மையாகப் போட்டிருந்தால், விலை அதிகம் என்பது மட்டும் வாதமாகாது. மீறலையே விலை போல வேடமிட்டு எழுதியிருந்தால் நீதிமன்றம் சொல்லைப் பார்க்காது, பொருளைப் பார்க்கும்.

நம் ஊரில் இது எங்கே உறுத்துகிறது? விமான நிலையச் சாலையில் இல்லை. சாங்கியில் ஆளை இறக்கிவிடக் கட்டணமே இல்லை. ஹீத்ரோவில் 2021 நவம்பரில் 5 பவுண்ட் என்று தொடங்கி அதற்கு மேலும் ஏற்றியிருக்கிறார்கள். தடுப்புக் கம்பி கிடையாது, மறுநாள் நள்ளிரவுக்குள் நாமே நினைவு வைத்து இணையத்தில் கட்ட வேண்டும். மறந்தால் கடிதம் வரும். இங்கே உறுத்துவது கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில். தீபாவளி அன்று உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறோம். விருந்தினர் இடங்கள் நிரம்பியிருக்கின்றன. ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, முறுக்கும் பிரியாணியும் முடித்துப் பத்து மணிக்குக் கீழே வந்தால் முன் சக்கரத்தில் மஞ்சள் பூட்டு. பாதுகாவலர் ஒரு தாளை நீட்டி, இவ்வளவு கொடுத்தால் திறக்கிறேன் என்கிறார். குழந்தைகள் தூக்கக் கலக்கத்தில் அழுகிறார்கள். யார் வாதாடுவார்கள்?

சக்கரப் பூட்டை முழுவதுமாகத் தடை செய்யும் சட்டம் இங்கே இல்லை. கொண்டோ நிர்வாகங்கள் 2004-ஆம் ஆண்டின் கட்டடப் பராமரிப்பு, அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் துணைவிதிகளைப் போட்டுக்கொள்கின்றன. அந்தத் துணைவிதிகள் வீட்டு உரிமையாளர்களையும் அங்கே குடியிருப்பவர்களையும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் போலக் கட்டும். விருந்துக்கு வந்த நம்மை எது கட்டும்? வாசலில் இருந்த பலகைதான். ஆக, நாம் மறுபடியும் அதே இடத்துக்கு வருகிறோம்: பலகை இருந்ததா, தெரிந்ததா, தொகை நியாயமா.

பூட்டுக்குத் தடை வருவதற்கு முன்னால் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைப் பற்றி இரண்டு நல்ல தீர்ப்புகளைத் தந்தது. ஆர்தர் வழக்கில், பலகையைப் பார்த்த பிறகும் நிறுத்தியவர் பூட்டுக்குச் சம்மதித்தவர் ஆவார், ஆனால் திறக்கும் கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும், பணம் கொடுத்தால் தாமதமின்றித் திறக்க வேண்டும், ஆளைத் தொடர்பு கொள்ள வழி இருக்க வேண்டும் என்றது. 2000-இல் வைன் வழக்கு. மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் உடம்புக்கு முடியாமல் போய், ஒரு பெண் அவசரமாக ஓரத்தில் நிறுத்தினார். இறங்கி நின்று வாந்தி எடுத்தார். திரும்பி வருவதற்குள் பூட்டு. எச்சரிக்கைப் பலகையைப் பக்கத்தில் நின்ற பெரிய வண்டி மறைத்திருந்தது. பார்க்காத பலகைக்குச் சம்மதம் கிடையாது, பூட்டியது தவறு என்று தீர்ப்பானது. இவை சிங்கப்பூர் நீதிமன்றத்தைக் கட்டாது என்றாலும் அங்கே எடுத்துக்காட்டத் தகுந்தவை.

நடைமுறையில் நான் சொல்வது இது. பூட்டை உடைக்கவோ அறுக்கவோ கூடாது, அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்திய குற்றம் நம் தலையில் விழும். பாதுகாவலரிடம் கத்தவும் கூடாது. அவர் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்க்கும் வயதானவர், விதியை எழுதியவர் அவரில்லை. கார் நின்ற இடத்தையும், அங்கிருந்து பார்த்தால் பலகை தெரிகிறதா என்பதையும், வாசலையும் படம் எடுங்கள். பணம் கட்ட வேண்டியிருந்தால், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதையும் படம் எடுங்கள். அப்புறம் நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள். உறவுக்காரரையும் எழுதச் சொல்லுங்கள், அவர் பராமரிப்புக் கட்டணம் கட்டுபவர், அவர் குரலுக்கு அங்கே எடை உண்டு. பதில் சரியில்லை என்றால், விவகாரம் சேவை ஒப்பந்தம் என்ற வகைக்குள் அடங்கும் பட்சத்தில் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வரை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, எதிர்த்தரப்புக்கும் முடியாது.

இங்கிலாந்துக் கடிதத்துக்குத் திரும்புவோம். இதில் கெட்ட யோசனை ஒன்று இருக்கிறது, நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வருவது: "தனியார் கடிதம்தானே, தூக்கிக் குப்பையில் போடு." போடக் கூடாது. கடன் என்று வழக்குப் போட நிறுவனத்துக்கு ஆறு வருடம் இருக்கிறது. முதலில் வசூல் நிறுவனங்களின் கடிதம் வரும், தொகை 70 பவுண்ட் கூடியிருக்கும். அப்புறம் வழக்குக்கு முந்தைய கடிதம், பதில் சொல்ல 30 நாள். அதையும் விட்டால் கவுண்டி நீதிமன்றம். அங்கே பதில் போடாவிட்டால் விசாரணையே இல்லாமல் நமக்கு எதிராகத் தீர்ப்பாகும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது கடன் பதிவேட்டில் ஆறு வருடம் நிற்கும். சிங்கப்பூரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தூரத்து இடியாகத் தெரியலாம். ஆனால் மகனோ மகளோ தன் பெயரில் காரை எடுத்திருந்தால்? படிப்பு முடிந்து விடுதியை மாற்றிய பிறகு, பழைய முகவரிக்குக் கடிதங்கள் போய்க் குவியும். வீடு வாடகைக்குக் கேட்கும்போதுதான் தீர்ப்பு இருப்பதே தெரியவரும். முகவரி மாறினால் வாடகை நிறுவனத்துக்கும் பார்க்கிங் நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

அண்ணன் முதலில் நிறுவனத்துக்கு எழுதினார். மூன்று பத்தி. இது துணைவிதிகளுக்கு உட்பட்ட நிலம், ஆகவே வாடகைக்கு எடுத்தவரிடம் கேட்க முடியாது. அப்படியே கேட்க முடிந்தாலும் இணைத்திருக்க வேண்டிய நகல்கள் இணைக்கப்படவில்லை. நிற்காதே என்ற பலகை ஒப்பந்தம் ஆகாது. மன்னிப்பு இல்லை, கதை இல்லை, 'நான் நிறுத்தினேன்' இல்லை. எதிர்பார்த்தபடி நிராகரித்தார்கள், பீவிஸ் வழக்கின் பெயரோடு. நிராகரிப்புக் கடிதத்தில் ஒரு குறியீட்டு எண் இருக்கும், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த எண், பார்க்கிங் கட்டண முறையீடுகளை விசாரிக்கும் பாப்லா என்ற சேவைக்கான சாவி. அங்கே பார்க்கிங் நிறுவனங்களுக்கு இரண்டு சங்கங்கள். பிரிட்டிஷ் பார்க்கிங் சங்கத்தில் இருக்கும் நிறுவனம் என்றால் முறையீடு பாப்லாவுக்குப் போகும், மற்றச் சங்கத்தில் இருந்தால் ஐஏஎஸ் என்ற சேவைக்கு. பாப்லாவில் கட்டணம் இல்லை. நிராகரித்த நாளிலிருந்து 28 நாளுக்குள் இணையத்திலேயே போடலாம். முடிவு நமக்குச் சாதகமானால் நிறுவனத்தைக் கட்டும், பாதகமானால் நம்மைக் கட்டாது, நீதிமன்றத்தில் வாதாடும் வாய்ப்பு அப்படியே இருக்கும். போய்விடுவது 60 பவுண்ட் சலுகை மட்டும்தான். கட்ட வேண்டியிருந்தால் அப்புறம் 100. அந்த 40 பவுண்ட் வித்தியாசத்தைக் காட்டித்தான் பலரையும் முதல் வாரத்திலேயே கட்ட வைக்கிறார்கள்.

அண்ணன் செங்காங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விமான நிலையத்தின் துணைவிதிகளையும் வரைபடத்தையும் தரவிறக்கி, கார் நின்ற இடத்தை வட்டமிட்டு, முறையீட்டோடு இணைத்தார். நிறுவனம் தன் ஆதாரத்தைத் தர வேண்டிய கட்டம் வந்தது. தரவில்லை. நிறுவனம் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்று பாப்லாவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

வாடகைக் கார் நிறுவனம் எடுத்த 40 பவுண்ட் திரும்பவில்லை. கோரிக்கையே செல்லாது என்றான பிறகு அந்தக் கட்டணம் எதற்கு என்று அண்ணன் எழுதிக் கேட்டார். கடிதம் வந்தால் அதைக் கையாள இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, கடிதம் செல்லுமா செல்லாதா என்பது எங்கள் விஷயமில்லை என்று பதில் வந்தது. நான் அந்த ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். மீறலுக்கான தொகை என்று எழுதவில்லை, வேலைக்கான விலை என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்தின் கீழே அண்ணனின் கையெழுத்து இருக்கிறது.